நூற்றுக்கு நூறு வாங்கிய கரடிப் பள்ளி

ஒரு காட்டில் சட்டசபை இருந்தது. குளம் தூர்ந்துபோய் ஏழு வருஷமாகிறது, அதைக் கேட்க நாதியில்லை. சட்டசபை மட்டும் தவறாமல் கூடும். அந்த வருஷம் அது ஒரு சட்டம் போட்டது. கல்லூரியில் சேர நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பள்ளி மூலமாகத்தான் எழுத முடியும். எத்தனை பேர் ஃபெயில் என்று ஒவ்வொரு பள்ளியும் படிவத்தில் எழுதித் தரவேண்டும். ஒருத்தர் ஃபெயிலானாலும் பள்ளிக்குப் பூட்டு.

தலைமையாசிரியர் மாசிலாமணிக் கரடி வகுப்புப் பதிவேட்டைத் திறந்தார். பாவம், அவருக்கு வேறு பிழைப்புத் தெரியாது. எருமையைக் கூப்பிட்டு டி.சி. கொடுத்தார்.

"நீ கொஞ்சம் மெதுவுப்பா. வேற ஸ்கூல் பாத்துக்க."

அடுத்தது குரங்கு. ஓரிடத்தில் உட்காராதாம். ஆந்தை பகலெல்லாம் தூங்குகிறதாம். ஒரே வாரத்தில் வகுப்பில் மிஞ்சியது முள்ளம்பன்றி பவளக்கொடி மட்டும். எல்லாப் பரீட்சையிலும் அவள்தான் முதல் மார்க். டாக்டராக வேண்டும் என்று சின்ன வயசிலிருந்தே உயிரை விடுகிறாள். ஊசிகூட வெளியே வாங்க வேண்டியதில்லை.

அவளிடமும் டி.சி.யை நீட்டினார் கரடி.

"ஐயா, நான் நல்லாத்தானே படிக்கிறேன்?"

"அதாம்மா பிரச்சினையே. நீ கண்டிப்பா எழுதப் போவ. எழுதுறவங்கதானே ஃபெயிலாக முடியும்?"

தேர்வு முடிந்து ஆய்வுக்கு வந்த கொக்கு, காலி பெஞ்சுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டது. "பிள்ளைங்க எங்க சார்?"

"படிவத்துல அந்தக் கேள்வி இல்லீங்களே."

கொக்கு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிவத்தை இரண்டு பக்கமும் தேடியது. இல்லைதான். ஃபெயில் பூஜ்ஜியம் என்று எழுதி சீல் குத்தியது. சிறந்த பள்ளி விருதும் கிடைத்தது. வாசலில் கரடி படத்தோடு ஃபிளெக்ஸ் வைத்தார்கள்.

அதைப் பார்த்த மற்ற பள்ளிகள் சும்மா இருக்குமா? அடுத்த வருஷம் தேர்வு நாளன்று காடு முழுக்க ஒரு ஜீவன்கூட எழுத வரவில்லை.

பவளக்கொடி கல்வி மந்திரி யானையிடம் ஓடினாள். "ஐயா, கல்லூரியில எல்லா இடமும் காலியாத்தான் கெடக்கு. நான் ஒருத்தி மட்டும் எழுதிக்கிறேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

யானை அவளை மேலும் கீழும் பார்த்தது. "ஏம்மா, காட்டுலயே ஒரு ஃபெயில் கெடையாதுன்னு இப்பத்தான் பேர் வாங்கியிருக்கோம். நீ ஒருத்தி எழுதி அதைக் கெடுக்கப் பாக்கிறியே, உனக்கே நல்லாயிருக்கா?"

நீதி: நன்றாகப் படிக்கிற பிள்ளையிடம் உஷாராக இருங்கள், அது பரீட்சை எழுதினாலும் எழுதிவிடும்.