ஒன்பது பேருக்கு ஒரு பூதம்

அன்புள்ள தம்பி அவர்களுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கு எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. எல்லாரும் என்றால் இப்போது நான் ஒருத்திதான். முட்டி வலி போக மற்றபடி சுகம். நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

போன வாரம் போனில், "அண்ணன் ஞாபகமா அந்த விளையாட்டுப் பெட்டிய நான் எடுத்துக்கறேன் அண்ணி, நீங்க வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். "அந்தாளுங்க இன்னும் ஏன் வர்றாங்க?" என்றும் கேட்டீர்கள். அது போனில் சொல்லி முடிகிற கதையில்லை.

உங்க அண்ணன் சனிக்கிழமை மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேசையில் பல் டாக்டர், பஸ் டிரைவர் என்று ஒன்பது பேரை உட்கார வைத்து என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியாது. ஏதோ சூதாட்டம் என்று நினைத்தீர்கள். அப்படியில்லை. ஆளுக்கொரு காகிதம். அதில் ஒருத்தர் வீரன், ஒருத்தர் மந்திரக்காரி, ஒருத்தர் வைத்தியச்சி. உங்க அண்ணன் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கதை சொல்வார். எதிரே வருகிற பேய், பூதம், ஓநாய் எல்லாம் அவரே. பகடை உருட்டினால் அடி பட்டதா இல்லையா என்று தெரியும். நான் பத்து வருஷமா டீ கொண்டுவந்து வெச்சதோட சரி. அவர் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின சனிக்கிழமை, கதையில எல்லாரும் ஏழு மாசம் நடந்து ஒரு குகை வாசலுக்கு வந்து நின்னாங்க. உள்ளே மலைப்பூதம். இவர் திரும்பி வரலை. ஒன்பது பேரும் வாசல்லயே நிக்கிறாங்க.

எல்லாம் முடிந்து ஒன்பதாவது வாரம் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் பல் டாக்டர்தான், "அக்கா, அந்த நாற்காலில நீங்க உட்காருங்க" என்றார். "நான் அஞ்சாங்கிளாஸ், டாக்டரே" என்றேன். "கூட்டல் கழித்தல் தெரியுமில்ல? மிச்சத்த பகடை பாத்துக்கும்." உட்கார்ந்தேன். கால் தரையில் எட்டவில்லை, உங்க அண்ணன் உசரம் அப்படி. அவர் நோட்டில் பூதத்துக்கு உயிர் நூற்றிருபது என்று போட்டிருந்தது; அடி விழ விழ அது குறையும். ஒன்பது பேரும் சுத்தி நின்னு ஆளுக்கொரு அடி போட்டாங்க. பூதம் கையைத் தூக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுச்சு. பஸ் டிரைவர் பென்சிலைக் கீழே வைத்து, "இதுக்கா ஏழு மாசம் நடந்தோம்?" என்றார். உங்க அண்ணனைச் சொன்ன மாதிரி எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "இது அவன் இல்ல, அவன் தம்பி. பெரியவன் உள்ளே இருக்கான்" என்று சொல்லிவிட்டேன். தப்பா நினைக்காதீங்க, வாயில் வந்தது அதுதான்.

அடுத்த வாரம் விடக்கூடாதுன்னு ஆளுக்கு மூணுன்னு இருபத்தேழு குட்டிச்சாத்தானை இறக்கினேன். எல்லாம் பழைய சட்டைப் பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்டி, எந்தப் பொத்தான் செத்தது எந்தப் பொத்தான் சாகலைன்னு தேடறதுக்குள்ள, பல் டாக்டர் எழுந்து அடுத்த தெருவில் இருக்கிற கிளினிக்குக்குப் போய் ஒருத்தருக்குக் கடவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தார். அப்போதும் அவர் முறை வரவில்லை. அதற்கடுத்த வாரம் பொத்தானெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு ஓநாய், ஆனா கடிச்சா கடிச்சதுதான்னு வெச்சேன். முதல் கடியிலேயே வைத்தியச்சி காலி. வைத்தியச்சி யாரென்றால் பேங்க் கேஷியர், ஐம்பத்திரண்டு வயசு, மீசை இருக்கு. மனுஷன் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டார், வரவேயில்லை. நான் கதவைத் தட்டி, "மயக்கம்தாங்க, மயக்கம்தான், வெளியே வாங்க" என்றேன். இந்த வீட்டில் ஒரு சாவு போதாதா?

திங்கட்கிழமை பாக்டரி கேன்டீனில் தட்டு கொடுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் புரிந்தது. கூட்டம் முண்டினா யாராவது பானையைப் பெரிசாக்குவாங்களா? இன்னொரு சன்னலைத் திறப்போம். சாப்பாடு ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம், தட்டு கழுவ ஒரு பக்கம். கூட்டம் தானா பிரியும். உள்ளே இருக்கிற பெரிய பூதத்துக்கு அப்படியே செய்தேன். குகைக் கதவு மெல்ல இறங்குது, ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்கணும். சங்கிலியில மூணு கைதிங்க, அவங்கள அவிழ்க்க ரெண்டு பேர். மிச்சம் அஞ்சு பேர்தான் பூதத்துகிட்ட. ரெண்டு பேர் அடிச்சதும் பூதம் ஒரு தடவை திருப்பி அடிக்கும், அது சும்மா நின்னு வாங்கிக்காது. ரெண்டு சனிக்கிழமையா நடக்கிறது. யாருக்கும் கொட்டாவி வரவில்லை. பஸ் டிரைவர் எழுந்து நின்றுகொண்டு உருட்டுகிறார்.

உயிர்க் கணக்கு சரியா என்று பார்க்க உங்க அண்ணன் நோட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பத்து வருஷத்துப் பூதங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ரப்பர் போட்டு அழித்த இடம். அறுபதை அழித்துத் தொண்ணூறு, அதையும் அழித்து நூற்றிமுப்பது. சில இடத்தில் காகிதம் தேய்ந்து வெளிச்சம் தெரிகிறது. தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மனுஷன் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். பேய்க்கும் பூதத்துக்கும் அழிச்சு அழிச்சு ஆயுள் கூட்டத் தெரிஞ்சவருக்குத் தனக்குன்னு ஒரு ரப்பர் வெச்சுக்கத் தெரியலை.

நான் அப்படிச் செய்யப் போவதில்லை. பூதத்துக்கு இப்போது உயிர் மூன்று. சனிக்கிழமை முதல் முறை பஸ் டிரைவருடையது. செத்தால் சாகட்டும். கதை முடிந்தால் அவர்களுக்கு இங்கே வர வேலையில்லை, எனக்கு ஒன்பது கப் கழுவுகிற வேலையில்லை. பெட்டியைத் துடைத்துக் கட்டி வைக்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் உங்க அண்ணன் உசரத்துக்கு வளரட்டும்.

இப்படிக்கு,
அண்ணி

பி.கு: தபால்தலை வாங்க மறந்து இது மேசைமேலேயே கிடந்தது. இன்று ஞாயிறு காலை. நேற்று பஸ் டிரைவர் உருட்டிய முதல் உருட்டலிலேயே பட்டது. பதினொன்று அடி. பூதத்துக்கு இருந்தது மூன்று. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் ரப்பரை எடுத்து, மூன்றை அழித்து, ஐம்பது என்று எழுதினேன். தடுப்பு சாய்ந்து கிடந்ததால் அத்தனை பேருக்கும் தெரிந்தது. பல் டாக்டர் குனிந்து மேசைமேல் இருந்த ரப்பர் தூளை ஊதிவிட்டார். "அக்கா, அப்புறம்?" என்றார் பஸ் டிரைவர்.

அதனால் பெட்டிக்கு வர வேண்டாம். வருவதானால் சனிக்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள், பென்சில் கொண்டுவாருங்கள். முன்னாடியே சொல்லிவிடுங்கள். பத்து பேர் என்றால் நான் இன்னொரு சன்னல் திறக்க வேண்டும்.