பிள்ளைக்கு முன் கூட்டம்

பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதைக் கணவனும் மனைவியும் தனியாகப் பேசித் தீர்மானிப்பதே நாகரிக உலகின் வழக்கம். ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அந்த வழக்கத்துக்கு இடமில்லை. கிஷாந்த், தனுஜா, அவன் அப்பா பழனியாண்டி, அம்மா, தம்பி எல்லாருக்கும் ஒற்றை அறைதான், ஒரே காம்பரா. நடுவில் ஒரு சேலை தொங்கும். கல்யாணமாகி மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை என்பதில் வியப்பில்லை.

இருவரும் தனிவீடு கேட்டு வீடமைப்பு அதிகாரி யோகேஸ்வரனிடம் போனார்கள்.

"புள்ள இருக்கா?" என்றார் அவர்.

"இல்லைங்க சேர்."

"புள்ள உள்ள குடும்பத்துக்குத்தான் வீடு. பெத்துட்டு வாங்க."

"வீடு கெடைச்சா பெத்துக்குவோம் சேர்," என்றாள் தனுஜா. "மாமா இருமுனா நாங்க மூச்சு விடுறதில்ல."

"கொழும்புல படிச்சவங்க புள்ளையே வேணாம்னு இருக்காங்க. அது கொள்கை. ஒங்களுது வெறும் இடப் பற்றாக்குறை. ரெண்டையும் குழப்பக் கூடாது."

ஆனாலும் அவர் இரக்கமுள்ளவர். வீடு கொடுக்க அதிகாரமில்லாவிட்டாலும், இருக்கும் வீட்டைச் சில மணி நேரம் காலியாக்கிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. ஞாயிறுதோறும் பின்னேரம் லயத்தார் அனைவரும் கோயில் முற்றத்தில் 'அளவான குடும்பம்' பற்றிய விழிப்புணர்வுக் கூட்டத்துக்குச் சமுகமளிக்க வேண்டும் என்று பணிக்கப்பட்டது. தேத்தண்ணியும் ரோல்ஸும் உண்டு. கிஷாந்த் தம்பதிக்கு மட்டும் விலக்கு.

முதல் ஞாயிறே யோகேஸ்வரன் வந்து கதவைத் தட்டினார். "எளஞ்சோடிங்க கட்டாயம் கூட்டத்துல இருக்கணுமாம். மேலிடம் போட்டோ கேக்குது." இருவரும் முன்வரிசையில் போய் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறுகளில் விலக்கு முறையாக அமலானது. திங்கள் காலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள், "என்ன தனுஜா, நேத்து கூட்டத்துக்குக் காணோம்?" என்று சிரிக்காமல் கேட்டார்கள். அவமானத்தில் அவளுக்கு அழுகை வந்தது. வீட்டை நினைத்துப் பொறுத்துக்கொண்டாள்.

அவள் உண்டானது தெரிந்ததும் கூட்டங்கள் நின்றன. மறுவருடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனாள்.

யோகேஸ்வரன் மனமாரப் பாராட்டினார். "அஞ்சு பேரு இருந்த காம்பராவுல இப்ப ஆறு பேரு இருக்கீங்க. இடம் போதும்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்களே. இனி வீடு எதுக்கு?"

அவள் திரும்பி வந்தபோது லயமே வாசலில் காத்திருந்தது. நடந்ததைச் சொன்னாள். அதிகாரியை ஒருவரும் ஏசவில்லை. போய்க் கேட்போம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

"சரி, அது கெடக்கட்டும் தாயி," என்றார் மாமனார் பழனியாண்டி. "ரெண்டாவதுக்கு எப்ப யோசிக்கிறீங்க? ரோல்ஸ் தின்னு ஒரு வருசமாச்சு."