டயோடு கடத்துகிறதா என அறியும் உயர்மட்டக் குழு

கடவுள் உண்டா, மறுபிறவி உண்டா என்பது போன்ற சில்லறைக் கேள்விகளை மனிதர்கள் தனித்தனியாக உட்கார்ந்தே யோசித்துப் பார்த்துவிட்டார்கள். ஆனால் மிளகளவு டயோடு ஒன்று மின்சாரத்தைக் கடத்துகிறதா இல்லையா என்பது அப்படித் தனி ஆளிடம் விடக்கூடிய விஷயமா? அதற்கு ஏழு பேர் கொண்ட உயர்மட்டக் குழு வேண்டும் என்று கண்டுகொண்ட அந்த அலுவலகத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

ஆறு மாடிக் கட்டடம் அது. கரண்ட் போனால் தானாக எரிவதற்கென்று மாடிப்படிகளில் அவசர விளக்குகள். அவற்றுக்குப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று. பேட்டரிக்கு ஊட்டம் கொடுக்க ஒரு சார்ஜர். இரண்டுக்கும் நடுவே ஒரு டயோடு. டயோடு என்றால் ஒருவழிக் கதவு, அவ்வளவுதான். சார்ஜர் பக்கம் வோல்ட் கூடுதலாக இருந்தால் திறக்கும். குறைவாக இருந்தால் சாத்திக்கொள்ளும். சிபாரிசு செல்லாது, பதவி பார்க்காது. அந்தக் கட்டடத்துக்குக் கொஞ்சமும் ஒத்துவராத குணம்.

பழைய சார்ஜர் புகைந்துபோனபோது புதியதை இயக்குநரே நேரில் போய்த் தேர்ந்தெடுத்தார். படிக்கட்டுச் சுவரின் வெளிர்நீலத்தோடு அது ஒட்டிப் பிறந்ததுபோல் பொருந்தியது. ஒன்பது வோல்ட் என்று அதன் முதுகில் எழுதியிருந்தது ஒன்றுதான் குறை. அதையும் நீல மையில்தான் எழுதியிருந்தார்கள் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் குறையைக் கண்டுபிடித்தவள் மீட்டரக்கா. கையில் மீட்டர் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். ஏழு வருடமாக அங்கே 'தற்காலிக' டெக்னீஷியன். அவளை நிரந்தரமாக்கும் ஆணை இயக்குநரின் மேஜை இழுப்பறைக்குள் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அடுத்த வாரம் பாதுகாப்பு ஆய்வு. 'டயோடு கடத்துகிறது' என்று அவள் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டால், இவர் அந்த ஆணையில் போடுவார். இதை யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. இழுப்பறையைத் திறந்து திறந்து மூடினார், அவ்வளவுதான்.

குழு கூடியது. பிஸ்கட் வந்தது. மீட்டரக்கா எழுந்து நின்று, கைக்குழந்தைக்கும் புரிகிறமாதிரி ஆரம்பித்தாள்.

"சார், டயோடு கடத்துதுன்னே வெச்சுக்குவோம்."

குழுச் செயலாளர் உடனே எழுதிக்கொண்டார்: 'டயோடு கடத்துவதைத் தொழில்நுட்பப் பணியாளரும் ஏற்றுக்கொண்டார்.' எழுதி முடித்ததும் பேனாவையும் மூடிவிட்டார். அவருக்குக் கூட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

"இன்னும் முடிக்கல சார். அப்படி வெச்சுக்கிட்டுக் கணக்குப் போட்டா, கரண்ட் மைனஸ் முப்பத்தேழு மில்லி ஆம்பியர்னு வருது. டயோடுல கரண்ட் பின்பக்கமா ஓடாது. அப்போ நாம வெச்சுக்கிட்டதே தப்பு. அது கடத்தல. தினம் கரண்ட் போற ஊர்ல, ஊட்டம் ஏறாத பேட்டரி ஒரு வாரத்துல காலியாயிடும், விளக்கு எரியாது."

"முப்பத்தேழு நல்ல நம்பர்தானேம்மா?" என்றார் கொள்முதல் அதிகாரி.

"மைனஸ் முப்பத்தேழு சார்."

"முன்னாடி சின்னதா ஒரு கோடு. அதைப் போய்ப் பெரிசு பண்ணிக்கிட்டு."

கோட்டின் நீளம் குறித்துக் கால்மணி நேரம் விவாதம் நடந்தது. மீட்டரக்கா பொறுமையாகத் தண்ணீர்த் தொட்டி உதாரணத்துக்கு வந்தாள். ஒன்பதடி உயரத்துத் தொட்டியிலிருந்து பன்னிரண்டடித் தொட்டிக்குத் தண்ணீர் தானாக ஏறுமா என்று கேட்டாள். தொட்டி வேறு துறையின் பொறுப்பு என்று குழு ஒருமனதாகச் சுட்டிக்காட்டியது.

கடைசியில் நேரிலேயே அளந்து பார்ப்பது என்று முடிவாகி, ஏழு பேரும் படிக்கட்டுக்கு வந்தார்கள். மீட்டரக்கா சிவப்பு ஒயரை டயோடின் சார்ஜர் பக்கத்திலும் கறுப்பு ஒயரைப் பேட்டரி பக்கத்திலும் வைத்தாள். மைனஸ் மூன்று என்று காட்டியது. அப்போதுதான் இயக்குநர் தன் இருபத்தெட்டு வருட நிர்வாக அனுபவத்தைப் பயன்படுத்தினார். ஒயர்களை அவள் கையிலிருந்து வாங்கி, இடம் மாற்றி வைத்தார். மீட்டர் பிளஸ் மூன்று என்று காட்டியது. காட்டாமல் என்ன செய்யும், அதுவும் அங்கே சேவகம் பார்க்கிற மீட்டர்தானே.

"கடத்தறதுக்கு எவ்வளவு வேணும்னு சொன்னீங்க?"

"பாயிண்ட் ஏழு சார். ஆனா நீங்க ஒயரைத் திருப்பி..."

"இங்க மூணு இருக்கு. நாலு மடங்குக்கு மேல."

எல்லாரும் கைதட்டினார்கள். அத்தனை கைதட்டலுக்கும் அந்த டயோடு கதவைத் திறக்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது புருஷன் துணி மடித்துக்கொண்டிருந்தான். ஏழு வருடமாக அவள் அண்ணி பார்க்கும்போதெல்லாம் நிரந்தரம் ஆயிற்றா என்று கேட்டதையும், இவர்கள் ஒவ்வொரு தடவையும் 'இதோ' என்றதையும் நினைவுபடுத்தினான்.

"அது கடத்தினா நமக்கென்ன, கடத்தாட்டி நமக்கென்ன? போட்டுட்டு வா."

"படியில இறங்கறவங்க கண்ணு தெரியாம விழுந்தா?"

"கைப்பிடியைப் புடிச்சுக்கட்டும்."

மடித்த புடவை ஒன்றை உதறி மறுபடி மடித்தாள். விடியும்போது அவனே, "உனக்கு மனசு வரலேன்னா விடு. அண்ணிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றான். வீரத்தில் இதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

காலையில் சான்றிதழை வாங்கி, 'கடத்தவில்லை. சார்ஜரை மாற்றவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். குழு சற்றும் கலங்கவில்லை. புதுச் சான்றிதழ் ஒன்றை அடித்து ஏழு பேருமே கையெழுத்திட்டார்கள். தெரிந்த ஒருத்தியின் கையெழுத்தைவிடத் தெரியாத ஏழு பேரின் கையெழுத்து கனம் அல்லவா? இழுப்பறை அதன்பின் திறக்கவில்லை.

ஆய்வு நாள் வந்தது. ஆய்வாளர் மூன்றாம் மாடிப் படியில் நின்று மெயினை அணைக்கச் சொன்னார். அணைத்தார்கள். இருட்டு. நல்ல தரமான, ஆறு மாடிக்கும் சீராகப் பரவிய இருட்டு.

"விளக்கு எரியலையே?" என்றது ஆய்வாளரின் குரல்.

"டயோடு கடத்துது சார். சான்றிதழ் இருக்கு" என்றது இயக்குநரின் குரல்.

ஆய்வாளர் கைபேசி வெளிச்சத்தில் சான்றிதழை வாசித்தார். ஏழு கையெழுத்தையும் எண்ணினார். 'படிக்கட்டில் சான்றிதழை வாசிக்கப் போதுமான வெளிச்சம் இருந்தது' என்று எழுதிக்கொண்டு கிளம்பினார். அவரை வழியனுப்பப் பின்னாலேயே ஓடிய இயக்குநர் இல்லாத படி ஒன்றில் கால் வைத்து, இருந்த நான்கு படிகளை உட்கார்ந்தபடியே கடந்தார்.

கணுக்கால் வீங்கிவிட்டதால் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. குழு மறுபடி கூடியது. உறுப்பினர் எழுவரும் உண்மையிலேயே ஒன்றும் தெரியாதவர்கள் என்பது ஆதாரத்தோடு நிரூபணமானதால் அவர்கள் மேல் குற்றம் இல்லை என்று முடிவானது. மிச்சம் மீட்டரக்கா. அதில் ஒரு சிக்கல். தற்காலிக ஊழியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க விதியில் இடமில்லை.

விதியை மதிப்பதில் அந்த அலுவலகத்துக்கு ஈடு இணை உண்டா? காலை பதினொரு மணிக்கு இயக்குநர் கட்டுப்போட்ட காலோடு வந்து இழுப்பறையைத் திறந்து, ஏழு வருட ஆணையில் கையெழுத்திட்டு, மீட்டரக்காவைக் கூப்பிட்டுக் கைகுலுக்கி நிரந்தரமாக்கினார். பதினொன்றே காலுக்குப் பணியிடை நீக்கம் செய்தார்.

இரண்டாவது ஆணையில் காரணமும் முறைப்படி குறிப்பிடப்பட்டிருந்தது: 'விளக்கு எரியாது என்பதை முன்கூட்டியே அறிந்திருந்த ஒரே ஊழியர்.'