என்னைக் கேட்டால் வரதராஜன்

மனிதர்களில் ‘என்னைக் கேட்டால்’ என்றோர் இனம் உண்டு. இவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பாரைப் பற்றி, துக்க வீட்டில் டாக்டரைப் பற்றி, ஏ.டி.எம். வரிசையில் முன்னால் நிற்பவரின் சட்டைத் தையலைப் பற்றி, இவர்களிடம் எப்போதும் ஒரு கருத்து சுடச்சுடத் தயாராக இருக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான் என்று மனதார நம்புகிறவர்கள். நல்லவர்கள்தான். ஆபத்தும் அதில்தான்.

இந்த இனத்தில் ஒருவர் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஹைதராபாத்தில் ஓர் அரசு வானொலி கொடுத்தது.

வரதராஜனுக்குச் சொந்த ஊர் செகந்திராபாத். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்து இறங்கிய தமிழ்க் குடும்பம். சனத்நகர் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், ஞாயிறு காலைகளில் வானொலியின் அரைமணி நேரத் தமிழ் நிகழ்ச்சியை நேரலையில் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே விதி ஒன்றே ஒன்று: தாளில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும். நிகழ்ச்சி அதிகாரி அனுபமா ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்துப் போட்டுத் தருவார். கண்ணாடிக்கு அந்தப்புறம் உட்கார்ந்து மைக்கைத் திறப்பதும் மூடுவதும் அவர்தான். வரதராஜனும் ஒழுங்காகத்தான் படிப்பார். தாள் முடிந்ததும்தான், கருத்தில்லாமல் வெறுங்கையோடு போகப்போகும் நேயர்களை நினைத்து அவருக்குப் பரிதாபம் பொங்கும். நாக்கு அரிக்கும். கறிவேப்பிலைக் கொசுறு மாதிரி ஒரு வரி வந்து விழும். கத்திரி வெயில், அமீர்பேட் ஹாஸ்டல் இட்லி என்று இருந்தவரை யாருக்கும் அது வலிக்கவில்லை.

2013-இல் மாநிலத்தைப் பிரிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அப்படியானால் ஹைதராபாத் யாருக்கு? எங்களுக்குத்தான் என்று இரண்டு தரப்பும் மல்லுக்கு நின்றன. அந்த ஞாயிறு வரதராஜனின் கடைசித் தாளில் இருந்தது வானிலை மட்டும். “நகரில் லேசான மழை பெய்யலாம்” என்று படித்தார். நிறுத்தினாரா?

“என்னைக் கேட்டால், சண்டை தீரும்வரை ஊர்ச் சாவியைச் செகந்திராபாத் தமிழர்களிடம் கொடுத்து வையுங்கள். வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதில்லையா? செடிக்குத் தண்ணீர் ஊற்றி, பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம்.”

மத்தியானத்துக்குள் இரு தரப்பும் கொடியோடு நிலைய வாசலுக்கு வந்துவிட்டன. மாதக்கணக்கில் எதிலும் ஒத்துப்போகாதவர்கள் அன்று ஒரே குரலில் ஒரே கோஷம் போட்டார்கள். அந்த ஒற்றுமைக்காக வரதராஜனுக்கு யாராவது நன்றி சொன்னார்களா என்றால், இல்லை. ‘செகந்திராபாத்தைக் கேட்கும் தமிழர்கள்’ என்று தொலைக்காட்சியில் ஓடியது. கச்சிபௌலி ஐ.டி. அலுவலகங்களில் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்து, “சாவி எங்கே பாஸ்?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

டெல்லி கேட்டது வேறு: இதற்குப் பொறுப்பு யார்? நிலைய இயக்குநர் அனுபமாவைக் காட்டினார். அனுபமா தாளைக் காட்டினார். தாளில் மழைதான் இருந்தது. கையெழுத்து தாளுக்கு மட்டுமா, காற்றுக்கும் சேர்த்தா என்று விசாரணைக் குழு கூடிக் கூடி யோசித்து, காற்றுக்கும் சேர்த்துத்தான் என்று கண்டுபிடித்தது. அடுத்த ஞாயிறு வரதராஜன் நேரலையில் இரண்டு வரி வருத்தம் படிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் போனாலும் நிகழ்ச்சிக்கு மூடுவிழா, கூடவே அனுபமாவுக்கு, பெயரைச் சொன்னால் வரைபடத்தில் தேட வேண்டிய ஓர் ஊருக்கு மாற்றல்.

“ஏனுங்க சார், ரெண்டே வரிங்க,” என்றார் கோயம்புத்தூர்க்காரரான அனுபமா. “புள்ள பத்தாவது பரீட்சை எழுதோணும். அவங்கப்பாவுக்கு வேலை கச்சிபௌலில. என்னைய ஊரு மாத்திப்போட்டா வீடு ரெண்டாயிருங்க. படிச்சுப்போட்டு வாயை மூடிக்குங்க, அது போதும்.”

“ஹவ் மேடம். இனிமே எக்ஸ்ட்ரா பேச்சே நக்கோ,” என்றார் வரதராஜன். அவர் ஊரில் ‘ஹவ்’ என்றால் சரி, ‘நக்கோ’ என்றால் வேண்டாம். உண்மையிலேயே அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் ஒத்திகை பார்த்தார். “...மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம். என்னைக் கேட்டால், புண்படுவதற்கு இதில் ஒன்றுமே...”

மனைவி சாந்தா தலையில் அடித்துக்கொண்டாள். “உங்க வாய் தானா மூடாதுங்க. ஒரு ஸ்வீட் பீடா வாங்கித் தரேன். ரெண்டாவது வரி முடிஞ்சதும் உள்ள தள்ளுங்க. அப்புறம் பேசுங்க, பார்க்கலாம்.”

ஞாயிறு வந்தது. மைக் திறந்து, சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப்புறம் அனுபமா புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தார். முதல் வரி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. நாக்கு அரித்தது. எவ்வளவு அருமையான கருத்து தெரியுமா அது! வரதராஜன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையிலிருந்த பெரிய பீடாவை வாய்க்குள் திணித்தார். கருத்து குல்கந்தோடு சேர்ந்து உள்ளே போயிற்று.

அனுபமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் ஓடிவந்தார். வரதராஜன் கையை ஆட்டினார், கண்ணை உருட்டினார், இன்னும் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைக் காட்டினார். கன்னம் இரண்டும் உப்பியிருந்த வாயிலிருந்து “ம்ம், ம்ம்” என்பதைத் தவிர எதுவும் வரவில்லை.

“சார், என்ற வயித்துல பாலை வாத்தீங்க!” என்று மைக்குக்கு நேராக நின்று கூவினார் அனுபமா. “ஆனா என்னையக் கேட்டா, அந்தச் சாவி யோசனை ஒண்ணும் அத்தனை மோசமில்லீங்க!”

மைக்கை மூட வேண்டியவர் அவர்தானே?

அந்த வாரமே மாற்றல் உத்தரவு வந்தது. தமிழ் நிகழ்ச்சி இருந்த நேரத்தில் இப்போது வயலின் வாசிக்கிறார்கள். செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு அனுபமாவை வழியனுப்பப் போன வரதராஜன், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பீடா வாங்கிக்கொண்டு போயிருந்தார். ஜன்னலோரம், பிளாட்பாரத்தில் நின்ற மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அனுபமாவைப் பார்த்தார். பீடா தேவைப்படவில்லை.

இதைப் படித்து முடித்ததும் உங்களுக்கும் ஏதோ சொல்லத் தோன்றுகிறது, இல்லையா? அந்தம்மா மைக்கை முதலில் அணைத்திருக்கலாம், குழு கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம், ஹைதராபாத் விஷயத்திலேயே பார்த்தால்... தாராளமாகச் சொல்லுங்கள். வாயைத் திறக்குமுன் விளக்கு எரிகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.