தாடியிடம் வரி வசூல்

சாயங்காலம் ஓநாய்கள் வந்துவிடும். சுவரில் பெரிய ஓட்டை. அடைக்கக் கஜானாவில் பொன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே கைப்பேசியை முறைத்துக்கொண்டிருந்தார் ஆணிக்கடைக்காரர். ஆன்லைன் விளையாட்டில் அவர் ஒரு நகரத்தின் தலைவர். அங்கே விதி எளிது: சுவர் விழுந்தால் ஊர் போச்சு, ஆசை ஆசையாய்க் கட்டியதெல்லாம் போச்சு.

"வாசல்ல வரி போட்டுட்டேன்! சரக்கோட உள்ள வர்ற எல்லா வியாபாரியும் கட்டணும்."

"நம்ம கடைக்கு வரின்னா மட்டும் உங்களுக்கு நெஞ்சு வலி வருது" என்றாள் மனைவி, ஆணி நிறுத்துக்கொண்டே.

உள்ளே வந்தால்தானே வரி? 'தாடி' என்ற பெயரில் விளையாடும் வியாபாரி வாசலுக்கு வெளியே பாயை விரித்தார். மற்ற வியாபாரிகளும் பக்கத்திலேயே விரித்தார்கள். ஊரே வெளியே போய் வாங்கியது.

தலைவர் வாசலைத் தள்ளி வைத்தார். சந்தை உள்ளே வந்துவிட்டது. ஆனால் வாசல் நகர்ந்தால் சுவரும் நீள வேண்டும் அல்லவா? நீண்டது, ஓட்டை இரண்டாயிற்று. தாடி பாயைச் சுருட்டி, புது வாசலுக்கு வெளியே விரித்தார்.

"விட மாட்டேன்! இனி எங்க வித்தாலும் விற்பனை வரி!"

இங்கே ஒரு நுணுக்கம். 'விற்பனை' பொத்தானை அழுத்தினால்தான் விளையாட்டு அதை விற்பனை என்று ஒப்புக்கொள்ளும். தாடி 'பரிசு' பொத்தானை அழுத்தினார். வாளைப் பரிசாகக் கொடுத்தார். வாங்கியவர் பொன்னைப் பரிசாகக் கொடுத்தார். சந்தை முழுக்க ஒரே பாசமழை.

"அப்படியா சேதி? பரிசுக்கும் வரி!"

காவலர் சம்பளமும் பரிசுப் பொத்தான் வழியாகத்தான் போகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. வரி பிடித்ததும் காவலர்கள் ஈட்டியைப் போட்டுவிட்டு, தாடிக்குப் பக்கத்தில் பாய் விரித்தார்கள்.

"சபாஷ்! இனி ஓநாய்க்குக் கதவு திறந்துவிடக்கூட ஆளில்ல" என்றாள் மனைவி.

காட்டுப் பக்கம் ஊளை கேட்டது. தலைவர் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, விளையாட்டுக்குள்ளேயே தாடியைக் குரலில் அழைத்தார்.

"அண்ணே, என் சட்டத்துல இருக்கிற ஓட்டையெல்லாம் உங்களுக்குத்தான் தெரியுது. நீங்களே நிதி மந்திரியா இருந்து வசூல் பண்ணுங்க. ஊரைக் காப்பாத்துங்கண்ணே!"

திடீரென்று கஜானா பொங்கி வழிந்தது. சுவர் மளமளவென்று எழும்பியது. முதல் ஓநாய் அதில் மூக்கை இடித்துக்கொண்டு திரும்பிப் போனது.

"இவ்வளவு பொன்னா! வரியே பிடிக்கலையே?"

"அது வியாபாரிங்க நாங்க போட்ட நன்கொடை. அதுக்கு நீங்க வரி போட மறந்துட்டீங்க" என்றது தாடியின் குரல்.

"அண்ணே, நீங்கதான் மந்திரி! மறுக்கக் கூடாது!"

"ஐயோ, ஆளை விடுங்க தலைவரே! வாரம் முழுக்க வரி ஆபீசரா உட்கார்ந்து ஊரான் ஏய்க்கிறதைப் பிடிச்சுப் பிடிச்சு அலுத்துப்போச்சு. ஞாயித்துக்கிழமையாவது என்னை நிம்மதியா ஏய்க்க விடுங்க!"