சாந்தோ டொமிங்கோவில் அப்பாவுக்கு ஒரு கதிரை

அந்த யோசனை எனக்கு டி-பானாவில் வந்தது. எல்லிங்ஸ்ருடிலிருந்து ஒஸ்லோ நகரத்துக்குப் போகும் காலை ரயில். வெளியே பனி, உள்ளே ஈர ஜாக்கெட் மணம். எல்லோரும் செத்தவீட்டுக்குப் போகிற முகத்தோடு இருந்தார்கள். (பெப்ரவரி மாதத்துக்கு இங்கே வேறு முகம் கிடையாது.) நான் கைபேசியில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் கொரிய மொழி, அதற்கும் முன் தேனீ வளர்ப்பு. நான் எதையும் பாதியில் விடுகிறவள் என்று அம்மா சொல்லுவார். பாதிவரை போனதே கிடையாது என்பதுதான் உண்மை.

திரையில் ஒரு சப்பாத்தின் படம் வந்தது. கீழே 'சப்பாத்தோ' என்றிருந்தது.

"சப்பாத்து!" என்று கத்திவிட்டேன்.

எதிரே இருந்த மனிதர் தன் பனிச்சறுக்குத் தடிகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார். எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. ரொட்டியை நாங்கள் பாண் என்போம், ஸ்பானிஷில் 'பான்'. அலுமாரிக்கு 'அர்மாரியோ'. மேசைக்கு 'மேசா'. போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, கோட்டை கட்டி, எங்கள் ஆட்களில் கொஞ்சப் பேரை வேதத்தில் சேர்த்து, போகும்போது தளபாடங்களின் பெயர்களை விட்டுவிட்டுப் போனவர்கள். ஸ்பானியர் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர். அப்படியென்றால் நாங்கள் பிறந்ததிலிருந்து ஸ்பானிஷ் கதைத்துக்கொண்டிருக்கிறோம். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்!

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன்.

"உங்களுக்கு விளங்குதா? எங்கட வீட்டுச் சாமான் எல்லாம் ஸ்பானிஷ்!"

"எங்கட வீட்டுச் சாமான் எல்லாம் சுவீடன்" என்றார் அப்பா. "பெட்டியில இருந்து எடுத்து நான்தான் பூட்டினனான். ஆணி மிஞ்சினது."

அப்பா ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பேசுவதுபோல எங்களிடமும் நேரே பார்க்காமல்தான் பேசுவார். மேசையில் அத்தானும் இருந்தார். அக்காவின் கணவர், கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலைக்காக ஒஸ்லோவுக்கு வந்து எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டவர்.

"சப்பாத்துன்னா ஷூவா?" என்றார் அத்தான். "அத்தை வாசல்லயே 'சப்பாத்தைக் கழட்டுங்கோ'ன்னு சொல்லுவாங்களே, நான் ஏதோ சப்பாத்தி சமாச்சாரம்னு நெனச்சேன்."

"பாத்தீங்களா, அத்தானுக்குத் தமிழே தெரியாது. எனக்கு ஸ்பானிஷே தெரியும்" என்றேன். இந்த வாக்கியத்தை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

அந்த வருடம் அம்மாவுக்கு அறுபது வயது. எல்லோருமாகச் சூடான நாடொன்றுக்குப் போவதென்று முடிவானது. நான் விடவில்லை: டொமினிக்கன் குடியரசு, தலைநகர் சாந்தோ டொமிங்கோ, ஸ்பானியர் கட்டிய பழைய நகரம். அக்கா வெயில் கேட்டாள், கிடைத்தது. அப்பா சும்மா இருக்க வேண்டும் என்றார், கிடைக்கும் என்று பொய் சொன்னேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்கை அமெரிக்காக் கண்டத்திலயே பழைய கோயில் இருக்காம். பிறந்தநாளண்டு அதுக்குள்ள முழந்தாளில நிண்டு ஒரு செபமாலை சொல்ல வேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

(நாங்கள் கத்தோலிக்கர். எங்களுக்குத் தேவாலயமும் கோயில்தான், அங்கே நடப்பதும் பூசைதான். இதை அத்தானுக்கு விளங்கப்படுத்த ஒரு வருடம் பிடித்தது.)

பிறந்தநாள் வந்தது. அக்கா கடற்கரையைவிட்டு அசைய மறுத்தாள். "நான் வெயிலுக்கு வந்தனான், கல்லுப் பாக்க இல்லை." மீதி நால்வரும் பழைய நகரத்துக்கான ஒருநாள் சுற்றுலாவுக்குப் புறப்பட்டோம். ஆங்கிலத்தில் ஒரு குழு, ஸ்பானிஷில் ஒரு குழு. எதில் சேர்த்தேன் என்று சொல்லத் தேவையில்லை. அத்தான் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு, இங்கிலீஷ் டூர்னு ஒண்ணு இருக்குறப்போ எதுக்கும்மா இந்த ரிஸ்க்?"

"நான் மொழிபெயர்ப்பன், அத்தான். ஹெல்ட் சிக்கெர்ட்!" நிச்சயம் என்று நோர்வேஜிய மொழியில் அடித்துச் சொன்னேன். எனக்குத் தமிழில் நம்பிக்கை குறைகிறபோது அந்த மொழி தானாக வந்துவிடும்.

வழிகாட்டியின் பெயர் ரமோன். வெள்ளைத் தொப்பி, பெரிய சிரிப்பு, மூச்சு விடாத பேச்சு. கைபேசியில் எனக்குப் பாடம் சொன்ன பெண் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, பால் புட்டியில் ஊட்டுவதுபோலச் சொல்லுவாள். ரமோனோ சொற்களின் வாலை வெட்டி, தலையை விழுங்கி, நடுத்துண்டை மட்டும் எங்கள் மேல் வீசினார். நான் உற்றுக் கேட்டேன். எனக்குப் பிடிபட்டதெல்லாம் தளபாடம்.

கொலம்பஸின் மகன் வாழ்ந்த மாளிகையின் முன்னால் அவர் நெடுநேரம் உருக்கமாகப் பேசினார். குழுவிலிருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அம்மா.

"இஞ்சை ஒரு மேசை இருந்ததாம்."

"பிறகு?"

"அலுமாரியும் இருந்ததாம்."

"அதுக்கே அந்தப் பிள்ளை அழுகுது?"

அடுத்தது கல் பதித்த ஒரு பழைய தெரு. பெயரில் 'டாமாஸ்' என்று வந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டத்தில் காய் நகர்த்தி விளையாடுவதற்கு டாம் என்றுதான் பெயர். "ராசகுடும்பத்து ஆக்கள் இந்த ரோட்டில இருந்து டாம் விளையாடினவையாம்" என்றேன். அத்தான் சுவரிலிருந்த ஆங்கிலப் பலகையை வாசித்தார். சீமாட்டிகள் மாலையில் உலாவிய தெரு என்று அதில் எழுதியிருந்தது.

"உலாவிப்போட்டு விளையாடியிருப்பினம்" என்றேன்.

வெயில் ஏறியது. அப்பாவின் பொறுமை இறங்கியது. வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்த மனிதர். நின்றபடி வரலாறு கேட்பது அவர் உடம்புக்குப் பழக்கமில்லை. "எங்கையாவது ஒரு கதிரை கேள், பிள்ளை" என்றார்.

கதிரை! நாற்காலிக்கு நாங்கள் சொல்லும் சொல். இதைவிடப் போர்த்துக்கீசத் தளபாடம் உண்டா? பாடத்தில் இன்னும் அது வரவில்லைதான், ஆனால் வழி எனக்குப் பிடிபட்டிருந்தது: சப்பாத்து சப்பாத்தோ என்றால், கதிரை கதேரா. நான் ரமோனிடம் போய், அப்பாவைச் சுட்டிக்காட்டி, "மி பாப்பா! கதேரா! போர் ஃபவோர்!" என்றேன். அப்பாவும் ஒத்துழைப்பதாக நினைத்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, "ஐயோ அம்மா" என்று முனகினார்.

ரமோனின் சிரிப்பு மறைந்தது. முகம் இரக்கத்தால் நிறைந்தது. தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினார். திரும்பி வரும்போது ஒரு கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பாத்தீங்களா!" என்றேன். "கேட்டன், வந்திட்டுது!"

"இதுக்கேன் சில்லு பூட்டியிருக்கு?" என்றார் அப்பா.

"வெயில் நாடல்லோ அப்பா. நிழல் எங்கை இருக்குதோ அங்கை தள்ளிக்கொண்டு போவினம்."

நான் இதை உண்மையாகவே நம்பினேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அத்தான் தள்ள, அப்பா அந்தக் கற்களின் மேல் குலுங்கிக் குலுங்கிப் போனார். "தம்பி, வளைவில வேகத்தைக் குறையும்... தம்பி, முன்னால ஆக்கள்..." குழுவிலிருந்தவர்கள் அப்பாவுக்கு விசிறிவிட்டார்கள். ஒருவர் இளநீர் வாங்கிக் கொடுத்தார். அப்பாவுக்குச் சுற்றுலா பிடிக்கத் தொடங்கியது. எனக்குத்தான் ஒரு கவலை: பேராலயம் மாலைக்கு முன்பே மூடிவிடும், ரமோனோ நோயாளிக்காக ஒவ்வொரு நிழலிலும் நின்று நின்று போனார். அம்மா செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வாசலுக்கு வந்தபோது மூடும் நேரம். வரிசையில் கொஞ்சப் பேர்தான். காவலாளி அம்மாவை உள்ளே விடக் கையசைத்தார், பிறகு அப்பாவின் முழங்கால்களைப் பார்த்தார். கையை நீட்டித் தடுத்தார். அப்பா போட்டிருந்தது அரைக் கழுசான், முழங்காலுக்கு மேலே நிற்கிற காற்சட்டை. அப்படி உள்ளே போகக்கூடாது.

"அவரை வெளியில விட்டிட்டு நான் போகேலாது" என்றார் அம்மா. "எல்லாரும் சேந்து போறதெண்டுதானே வந்தது."

ஹோட்டலுக்குப் போய் வர நேரமில்லை. அவருக்கு நீளக் கழுசான் இல்லை, மன்னித்து விடுங்கள் என்று விளக்க வேண்டும். கழுசான் என்பதும் போர்த்துக்கீசர் விட்டுப்போனதுதானே? நான் நெஞ்சை நிமிர்த்தி, வரிசைக்கே கேட்கும்படி சொன்னேன்:

"மி பாப்பா நோ தியெனே கல்சோன்!"

ஒரு புறா பறந்தது. வேறு எதுவும் அசையவில்லை. காவலாளி அப்பாவின் மடியைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டார். ரமோன் அப்பாவின் தோளைத் தடவிக்கொடுத்தார். குழுவில் ஒரு பெண் சதுக்கத்திலிருந்த ஒரு மருந்துக்கடைக்கு ஓடி, ஒரு பெரிய பொதியோடு வந்து, அதை மிகுந்த மரியாதையுடன் அப்பாவின் மடியில் வைத்தாள். உறையில் ஒரு கிழவர் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா படத்தைப் பார்த்தார். "தம்பி, இது என்ன?"

அத்தான் குனிந்து பார்த்தார். "மாமா... இது பெரியவங்க போட்டுக்கிற டயப்பர்."

அப்பா எழும்பினார். எழும்பினார் என்பது சரியில்லை, பாய்ந்தார். கதிரை பின்னால் உருண்டு போனது. பொதியைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு எட்டில் என்னிடம் வந்தார். "உனக்கு விசரே? நீ என்னத்தையடி சொன்னனீ?"

வரிசையிலிருந்த ஒரு கிழவி கைகளை விரித்தார். "மிலாக்ரோ!" என்று அலறினார். முழந்தாளில் விழுந்தார்.

"அவ என்ன சொல்லுறா?" என்றார் அம்மா.

அந்த நாளில் முதன்முறையாக ஒரு சொல் எனக்குச் சரியாக விளங்கியது. "புதுமையாம், அம்மா." (அற்புதத்துக்கு எங்கள் கோயிலில் புதுமை என்றுதான் பெயர்.)

"என்ன புதுமை?"

"அப்பாதான்."

அத்தானுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ரமோனிடம் போய் ஆங்கிலத்தில் பேசினார். ரமோன் பதில் சொன்னார், அத்தானைவிட நல்ல ஆங்கிலத்தில். காலையிலிருந்து அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது! ஸ்பானிஷ் குழுவில் சேர்ந்தவர்கள் ஸ்பானிஷை விரும்புவார்கள் என்ற மரியாதையில் பேசாமல் இருந்திருக்கிறார். அத்தான் கேட்டு வந்து, ஒவ்வொரு சொல்லையும் ருசித்துச் சொன்னார். "கதேரான்னா இடுப்பு. நாற்காலிக்கு 'சில்யா'வாம். நீ உங்கப்பாவுக்கு இடுப்புல பிரச்சினைன்னு சொல்லியிருக்க. கல்சோன்னா ஜட்டி. அது அவர்கிட்ட இல்லைன்னும் சொல்லியிருக்க."

காவலாளி சாவிக் கொத்தை எடுத்தார். அம்மா சுற்றிப் பார்த்தார். சதுக்கத்தின் ஓரத்தில் கடற்கரைச் சாமான் விற்கும் ஒரு வண்டி நின்றது. அம்மா அதை நோக்கி ஓடினார். அறுபது வயதில் அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன்.

"துவாய்! துவாய்!"

"தொஆல்யா?" என்றான் விற்பவன், ஒன்றை உருவி நீட்டினான்.

தென்னைமரத்தடியில் நீச்சலுடையோடு படுத்திருக்கும் ஒரு பெண்ணின் படம் போட்ட துவாய், குளித்துத் துவட்டுகிற பெரிய துண்டு. அம்மா அதை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, அப்பாவின் இடுப்பைச் சுற்றிச் சாரம்போலக் கட்டிவிட்டார். காவலாளி பார்த்தார். நெடிய பெருமூச்சு விட்டார். கதவைத் திறந்தார்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. அம்மா முழந்தாளில் நின்றார். அந்தக் கிழவி அப்பாவின் கையைப் பிடித்தவர் விடவில்லை, பக்கத்தில் முழந்தாளிட்டுக்கொண்டார். அவர் ஸ்பானிஷில் சொல்ல, அப்பா தமிழில் சொல்ல, காவலாளி தூணில் சாய்ந்து காத்திருக்க, அம்மா செபமாலையை ஒரு மணி விடாமல் முடித்தார்.

வெளியே வந்ததும் அம்மா என் கன்னத்தைத் தடவினார். "நல்ல பிறந்தநாள், பிள்ளை. இனி ஹோட்டலுக்குப் போற வரைக்கும் நீ வாயைத் திறக்காதை."

இந்தக் கதை எங்களுக்கு முன்பே ஒஸ்லோவுக்கு வந்துவிட்டது. அக்கா எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் அப்பா எழுந்து நின்றால் யாராவது சிலுவை அடையாளம் போடுவார்கள். எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அத்தான் தன் கோயம்புத்தூர்த் தமிழை விட்டுவிட்டு, யாழ்ப்பாணத் தமிழில் அழகாக வரவேற்பார்: "வாங்கோ, வாங்கோ, வந்து இடுப்பில இருங்கோ."

சிரிக்கட்டும். நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். என் முறையில் பிழையில்லை, நாட்டில்தான் பிழை. பக்கத்து வீட்டுக்காரனிடம் போய் எங்கள் சாமானைத் தேடியிருக்கிறேன். போர்த்துக்கீச மொழியில் கதிரை கதிரையேதான். அகராதியில் பார்த்துவிட்டேன், இந்த முறை படமும் பார்த்தேன். இலையுதிர் விடுமுறைக்கு லிஸ்பன். பாத்திமா மாதா கோயிலுக்கும் போகலாம் என்றதும் அம்மா உடனே சம்மதித்தார். அம்மா போனால் தானும் வருவேன் என்றார் அப்பா. ஆங்கிலக் குழுவில் பதிந்தால்தான் வருவேன் என்றார் அத்தான்.

நேற்று டி-பானாவில் வைத்துப் பதிந்துவிட்டேன். முழுநாள் சுற்றுலா, போர்த்துக்கீச மொழியில். அத்தானுக்கு விமானம் ஏறின பிறகு சொல்வதாக இருக்கிறேன்.