நிக்கானோரின் சம்மதம்

ரொட்டி ஏணியில் நாலாவது படியைக் காணவில்லை.

எலாடியோ குவானுக்கோ பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தான். ரொட்டிப் புறா இருந்தது. ரொட்டிச் சிலுவை இருந்தது. ரொட்டியில் செய்த லாமா மிருகம்கூட ஒரு காதை மட்டும் பறிகொடுத்துவிட்டு முழுசாக வந்து சேர்ந்திருந்தது. ஏணியில்தான் நட்டநடுவில் ஓட்டை. செத்தவன் மேலேயிருந்து சாப்பாட்டு மேசைக்கு இறங்கி வருவது அந்த ஏணி வழியாகத்தான். நவம்பர் ஒன்றாம் தேதி, செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள்; காலை மணி பத்து. ஆன்மாக்கள் நண்பகல் பன்னிரண்டுக்கு வரும்.

"அக்கா, படி எங்க?"

அடுப்படியில் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்த டோமிங்கா திரும்பவே இல்லை. "என்னைக் கேட்டா? வண்டியில பெட்டி மேல சாய்ஞ்சுக்கிட்டு வந்தவரைக் கேளு."

அப்படி வந்தவர் ஓஸ்வால்தோ. கோர்தோபாவில் வங்கி மேலாளர். சோர்க்கோ எரிமலையில் ஏறப் பணம் கட்டி வந்திருந்த ஐந்து பேரில் ஒருவர்.

"அது பிஸ்கெட்டு இல்லையா?" என்றார் அவர், கொஞ்சமும் கூச்சப்படாமல். "உப்புதான் கொஞ்சம் கம்மி."

வேறு நாளாக இருந்தால் எலாடியோ சிரித்துவிட்டுப் போயிருப்பான். பதினாறு வருஷமாக மலையேற வருகிறவர்களை மேய்க்கிற வழிகாட்டி. ஆனால் இன்று அவன் வாழ்க்கையே அந்த ஏணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், இப்போது முகாம் போட்டிருக்கும் இதே மலைக்கொட்டகையிலிருந்து அவன் கூட்டாளி வழிகாட்டி நிக்கானோர் மேல்முகாமுக்குப் போனான். யாரோ விட்டுவிட்டு வந்த கூடாரத்தை எடுத்துவர. பனி மூடிக் கண்ணை மறைக்கும் வெள்ளைக் காற்று கிளம்பியது. நிக்கானோர் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. அவன் மனைவி பெனிதாவை எலாடியோ ஒன்றரை வருஷமாக மனசுக்குள் வைத்துப் பூட்டியிருந்தான். போன மாதம்தான் ஒருவழியாக வாயைத் திறந்து கேட்டான். ரொட்டி போடுகிறவள் அவள். மாவுக் கையைக்கூடத் துடைக்காமல் பதில் சொன்னாள்.

"எனக்கு இஷ்டந்தான். ஆனா அவர்கிட்டக் கேளு. ரெண்டு வருஷமா வீட்டுல படையல் மேசை போட்டேன், ஒரு ஈகூட வந்து உக்காரல. அவர் இன்னும் மலையை விட்டே இறங்கலேன்னு நினைக்கிறேன். நீ மேல போயிப் போடு. இது மூணாவது வருஷம். இதுக்கப்புறம் அவர் எனக்குன்னு தனியா வரமாட்டாரு, கூட்டத்தோட கூட்டமாத்தான். இந்தத் தடவை அவர் சரின்னா சரி. இல்லேன்னா நீ யாரோ, நான் யாரோ."

சாட்சிக்குத் தன் அக்கா டோமிங்காவையும் சமையலுக்கென்று கூட அனுப்பிவிட்டாள். அவளிடம் பொய் சொல்லித் தப்பித்தவன் அவர்கள் ஊரான தோலார் கிராந்தேயில் இதுவரை கிடையாது.

"புதுசா ஒரு படி செஞ்சு ஒட்டிடுக்கா," என்றான் எலாடியோ.

டோமிங்கா பனியை உருக்கி மாவு பிசைந்தாள். ஐயாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில் மாவு வேகாது, காயத்தான் செய்யும். படி கல் மாதிரி வந்தது. அதைப் பொருத்தியதும் அதன் கனம் தாங்காமல் ஏணி இரண்டாக முறிந்தது. எலாடியோ, கால் கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை எடுத்துச் சுற்றிச் சுற்றி ஒட்டினான்.

"நல்லாருக்கு," என்றாள் டோமிங்கா. "இறங்கி வர்றவனுக்குக் கால் உடைஞ்சா அதையே பிரிச்சுக் கட்டிக்கலாம்."

அடுத்தது ஒயின். புட்டிக்குள் கட்டியாக உறைந்து கிடந்தது. அடுப்பின் மேல் வைத்தான். புட்டி வெடித்தது. மேசைக்கு விரிக்க வைத்திருந்த கறுப்புத் துணி முழுக்க ஒயின். துணியை உலர்த்த வெளியே கொடியில் போட்டான். இரண்டு நிமிஷத்தில் அது தகடாக விறைத்து, காற்றில் கிளம்பி, சரிவில் சறுக்கிக்கொண்டே போய்விட்டது. கடைசியில் தன் கறுப்புக் கம்பளி உள்சட்டையைக் கழற்றி மேசைமேல் விரித்தான். குளிரில் பல் தந்தியடித்தது. ஒயினுக்குப் பதில் ஓஸ்வால்தோவின் பிராந்தியில் அரை டம்ளர் வாங்கி வைத்தான்.

"நிக்கானோர் ஒயின் மட்டுந்தானே குடிப்பான்?"

"டம்ளர்ல எது இருந்தாலும் குடிப்பான். எனக்குத் தெரியாதா," என்றாள் டோமிங்கா.

பதினொன்றேமுக்காலுக்கு மலையேற வந்தவர்களைக் கூடாரங்களுக்குத் துரத்தினான். வேடிக்கை பார்க்கிற கண் இருந்தால் ஆன்மா உள்ளே வராது. நாலு பேர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஐந்தாவது ஆள் ஹலினா, மிசியோனெஸ் பக்கத்துப் பல் மருத்துவர். அவருக்குக் காலையிலிருந்தே மண்டை பிளக்கும் தலைவலி. கூடாரத்தைவிட்டு வெளியே வரவே இல்லை.

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்றாயிற்று. எலாடியோவும் டோமிங்காவும் சுவரோரமாகப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். கந்தகச் சுரங்கத்துக்காரர்கள் நாற்பது வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்டுப் போன கொட்டகை அது. அவர்களுடைய ஜோடுகள் இன்னும் வாசல் மூலையில் மஞ்சள் தூசு படிந்து வரிசையாக இருந்தன. வெளியே கந்தகத் தொட்டிகளை இழுத்த பழைய இரும்புக் கம்பி காற்றில் எந்நேரமும் ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றரை மணிக்கு அது திடீரென்று நின்றுபோயிற்று.

"காத்து நின்னுருச்சா?" என்றான் எலாடியோ மெதுவாக.

டோமிங்கா ஜன்னலைக் காட்டினாள். வெளியே ஒன்றுமே இல்லை. மலை இல்லை, கூடாரங்கள் இல்லை, தரை இல்லை. வெள்ளைக் காற்று சத்தமே போடாமல் கொட்டகையைச் சுற்றி நின்றது. அவன் பயந்துவிட்டான். அதைச் சொல்ல வெட்கமாயிருந்ததால் கொஞ்சம் கோகா இலையை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டான்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது.

தட்டவில்லை. தானாகத் திறந்த மாதிரித்தான் இருந்தது. வாசலில் ஒருவன் நின்றான். புருவத்திலும் தாடியிலும் பனி கட்டியாக உறைந்திருந்தது. தலையிலிருந்து கழுத்துவரை துணி சுற்றியிருந்தான். தெரிந்த கொஞ்சம் முகமும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்திருந்தது. அவன் இவர்களைப் பார்க்கவில்லை. நேராக மேசையிடம் போனான், உட்கார்ந்தான், சாப்பிட ஆரம்பித்தான்.

எலாடியோ டோமிங்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா. உசரமாத் தெரியறானே."

"மூணு வருஷம் ஐஸுல நீட்டிப் படுத்துக் கிடந்தா யாருதான் நீள மாட்டாங்க," என்று டோமிங்கா கிசுகிசுத்தாள்.

வந்தவன் சூப்பைச் சட்டியோடு தூக்கிக் குடித்தான். புறாவைத் தின்றான், லாமாவைத் தின்றான். ஏணியைப் பிளாஸ்திரியோடு கடித்து, பிளாஸ்திரியை மட்டும் பக்குவமாகத் துப்பினான். பிராந்தியை ஒரே மடக்கு.

"இன்னும் கொஞ்சம் சூப்பு ஊத்தவா, நிக்கானோரு?" என்று கேட்டாள் டோமிங்கா. அவன் வெறித்துப் பார்த்தான். "பெனிதாவை ஞாபகம் இருக்கா?" அதற்கும் அதே பார்வைதான், ஏதோ சுவரைப் பார்க்கிற மாதிரி.

"கேளுடா," என்று அவள் எலாடியோவின் விலாவில் இடித்தாள். "வயிறு நிறைஞ்சிருக்கு. இதைவிட நல்ல நேரம் வராது."

எலாடியோ மேசையெதிரே போய் முட்டி போட்டான். ஒரு மாதமாகத் தயார் பண்ணி வைத்திருந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"நிக்கானோரு, அன்னைக்கு மேல போயிருக்க வேண்டியது நான். என் முறை. பல்வலின்னு சுருண்டு படுத்துட்டேன். வலி இருந்துச்சு, பொய்யில்ல. ஆனா போக முடியாத அளவுக்கு இல்லடா. இதை யாருகிட்டயும் நான் சொன்னதில்ல." மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "இப்ப இன்னொண்ணும் கேக்க வந்திருக்கேன். வெக்கங்கெட்டவன்னு நினைச்சாலும் பரவால்ல. பெனிதாவை நான் கட்டிக்கட்டுமா? நல்லாப் பாத்துக்குவேன்."

வந்தவன் மெல்லுவதை நிறுத்தினான். எலாடியோவையே பார்த்தான். பிறகு சரி என்கிற மாதிரி மேலும் கீழும் தலையை ஆட்டினான்.

"ஆட்டினானா?"

"ஆட்டினான்," என்றாள் டோமிங்கா. "இன்னொருதரம் கேளு. எனக்கும் சாட்சி சொல்லணுமில்ல."

எலாடியோ விம்மிக்கொண்டே இன்னும் இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் அவன் பொறுமையாகத் தலையை ஆட்டினான். அப்புறம் எழுந்து போய், சுவரோரப் பலகைக் கட்டிலில் சாய்ந்து, ஜோடுகூடக் கழற்றாமல் குறட்டை விட ஆரம்பித்தான்.

"ஆன்மா குறட்டை விடுமாக்கா?"

"உயிரோட இருந்தப்போ ஊரையே எழுப்புவான். இது எவ்வளவோ தேவல."

மறுநாள் காலையில்தான் வினை. வெள்ளைக் காற்று விலகி, வெளியே பளீரென்று வெயில். பன்னிரண்டு மணிக்கு ஆன்மாக்கள் கிளம்பியாக வேண்டும். கிளம்பாத ஆன்மா வீட்டிலிருந்து இன்னொருத்தரைக் கூட்டிக்கொண்டுதான் போகும் என்று எலாடியோவுக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். இந்த ஆன்மாவோ பதினொன்றரைக்கு எழுந்தது, சோம்பல் முறித்தது, காலிச் சட்டியை எடுத்து டோமிங்காவிடம் நீட்டியது.

"அழைச்சுக்கிட்டு வந்தா போக மாட்டேங்கறானே," என்றான் எலாடியோ.

"வழிச்சோறு கட்டிக் குடு. மரியாதையா அனுப்பு."

மிச்ச ரொட்டி, பாலாடைக்கட்டி, கோகா இலை, இரண்டு சிகரெட் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி அவன் தோளில் மாட்டினார்கள். அவன் மாட்டிக்கொண்டு திரும்பப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். எலாடியோ கும்பிட்டான், கெஞ்சினான், வாசலைக் காட்டினான். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் இருவரும் சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

கதவு இடிபட்டது.

"மனசு மாறிட்டான்," என்றான் எலாடியோ. "கட்டிக்கக் கூடாதுன்னு சொல்ல வந்திருக்கான்."

இடி பலமாயிற்று. கூடவே ஒரு குரலும் கேட்டது, கரகரத்து, தொண்டை கட்டி, புரியாத பாஷையில் திட்டுகிற மாதிரி. டோமிங்கா சிலுவைக்குறி போட்டாள். இருவரும் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றார்கள். பிறகு வெளியே இன்னொரு குரல் கேட்டது, பெண் குரல், அதே புரியாத பாஷையில்.

"எலாடியோ," என்று ஹலினா கூப்பிட்டார். "கதவைத் திறங்க. இவரு போலந்துக்காரரு. எங்கப்பா பேசின பாஷை. தனியா மலையேறி ரெண்டு நாளா வழி தவறிட்டாராம். பேரு வீட்டோல்ட். ஒரு விரல் வேற கறுத்துப் போயிருக்கு. இவரைப் போயா வெளிய தள்ளுவீங்க?"

கதவு திறந்தது. வெயிலில் பார்த்தால் அவன் நிக்கானோர் மாதிரி ஒரு மயிரிழைகூட இல்லை. முகத்துச் சுண்ணாம்பு வெயிலுக்குப் பூசின களிம்பு. எலாடியோ அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான்.

டோமிங்கா அவரை உள்ளே கூட்டிப்போய்க் கம்பளி போர்த்தி, ரிக்கா ரிக்கா என்கிற மலைமூலிகை இலை போட்ட டீ கொடுத்தாள். விரலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கச் சொல்லி ஹலினா பார்த்துக்கொண்டார். கூடாரத்திலிருந்து மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஓஸ்வால்தோ மட்டும் தன் பிராந்தி என்னவாயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றான் எலாடியோ, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "பெனிதாகிட்ட..."

"நடந்ததைத்தான் சொல்லுவேன்," என்றாள் டோமிங்கா. இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. "மேசை போட்டோம், நிக்கானோரு வரல. ஒரு பரதேசி வந்து தின்னுட்டுத் தலையை ஆட்டினான். அவகிட்ட நான் பொய் சொல்ல முடியாது தம்பி. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

பன்னிரண்டு தாண்டி அரைமணி ஆகியிருந்தது. மூன்றாம் வருஷம் முடிந்துவிட்டது. இனி பெனிதா அவனுக்கு ரொட்டிக்காரி, அவன் அவளுக்கு வாடிக்கைக்காரன். யாருக்கும் சொல்லாத பல்வலி ரகசியத்தை ஒரு போலந்துக்காரனிடம் அழுது கொட்டியதுதான் மிச்சம். எலாடியோ எழுந்து உள்ளே வந்தான்.

"டாக்டரம்மா, இவருக்கு எங்க பேச்சு ஒரு வார்த்தையாவது தெரியுமா?"

ஹலினா கேட்டார். வீட்டோல்ட் டீக்கோப்பையின் மேலாக உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணுகூடத் தெரியாதாம்."

"அப்புறம் எதுக்குய்யா தலையை ஆட்டணும்? ஒரு தடவையில்ல, மூணு தடவை. ஒரு மனுஷன் முட்டி போட்டு அழுதுக்கிட்டு நிக்கிறான், புரியலேன்னா சும்மா இருக்க வேண்டியதுதானே. கேளுங்க."

ஹலினா கேட்டார். வீட்டோல்ட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். மேல்முகாம் பக்கத்துச் சரிவைக் காட்டினார், கதவைக் காட்டினார், பிறகு ஆவலாகக் கொட்டகையின் ஒவ்வொரு மூலையையும் பார்த்தார். ஹலினா மெதுவாகச் சொன்னார்:

"'பனியில விழுந்து கிடந்த என்னைத் தூக்கிவிட்டு இந்தக் கதவுவரைக்கும் கூட்டியாந்த உங்க இன்னொரு வழிகாட்டி எங்க, அவருக்கு நன்றி சொல்லணும், உள்ள ஒருத்தன் அழுதுக்கிட்டே என்னமோ கேப்பான், எத்தனை தடவை கேட்டாலும் தலையை ஆட்டிடுன்னு அவர்தான் சைகையாலயே ஆட்டிக் காட்டிட்டுப் போனாரு'ங்கறாரு."